பச்சை கூடினால் போதுமா? டிசிஎஃப்டிஏ பற்றி ஒரு வேண்டுகோள்

ஒரு மூலிகைச் சாறு செல்லில் ஆக்சிஜனேற்ற அழுத்தத்தைக் கூட்டுகிறதா, குறைக்கிறதா என்று பார்க்க வேண்டுமென்றால் நம் ஆய்வகங்களில் முதலில் கை போவது, ஆக்சிஜனேற்றம் அடைந்தால் பச்சையாக ஒளிரும் சாயமான டிசிஎஃப்டிஏ குப்பிக்குத்தான். விலை குறைவு, அரை மணி நேர வேலை, பிளேட் ரீடர் இருந்தால் போதும். தாராளமாகப் பயன்படுத்துங்கள். ஆனால் பச்சை ஒளிர்வு கூடியதும் "ஹைட்ரஜன் பெராக்சைடு கூடியது" என்று ஆய்வேட்டில் எழுதாதீர்கள். அது தவறு.

இந்தச் சாயம் செல்லுக்குள் போனதும் எஸ்டரேஸ் நொதிகள் அதன் அசிட்டேட்டுகளை வெட்டிவிடும். மிஞ்சுகிற டிசிஎஃப்எச் ஆக்சிஜனேற்றம் அடைந்து டிசிஎஃப் ஆனால், 488 நானோமீட்டரில் தூண்டும்போது 525 அருகே ஒளிரும். டிசிஎஃப்எச் பெராக்சைடோடு நேரடியாக வினைபுரிவது மிக அற்பம். நடுவில் இரும்போ, பெராக்சிடேஸ் நொதியோ, சைட்டோகுரோம் சி என்ற புரதமோ வேண்டும். உங்கள் மருந்து செல்லை அப்போப்டோசிஸுக்கு (திட்டமிட்ட செல் சாவுக்கு) தள்ளி, மைட்டோகாண்ட்ரியாவிலிருந்து சைட்டோகுரோம் சி கசிந்தால், பெராக்சைடு கூடாமலேயே பச்சை கூடும். இன்னொரு தொல்லை: வினையின் நடுவில் உருவாகும் சாயத்தின் ரேடிக்கல் ஆக்சிஜனோடு சேர்ந்து சூப்பராக்சைடை (எலக்ட்ரான் ஒன்று கூடிய ஆக்சிஜனை) உண்டாக்குகிறது, அதிலிருந்து பெராக்சைடு பிறக்கிறது. அளக்க வந்த சாயமே அளவைக் கூட்டிவிடுகிறது.

செய்முறைக்கு வருவோம். 4.87 மில்லிகிராம் சாயத்தை 1 மில்லிலிட்டர் ஈரமில்லாத டிஎம்எஸ்ஓ கரைப்பானில் கரைத்தால் 10 மில்லிமோலார் ஸ்டாக் கிடைக்கும். சிறு சிறு பங்காகப் பிரித்து, வெளிச்சம் படாமல் மைனஸ் 20-ல் வையுங்கள். உருகியதை மறுபடி உறைய வைக்காதீர்கள். மீடியத்தில் ஆயிரம் மடங்கு நீர்த்தால் 10 மைக்ரோமோலார், டிஎம்எஸ்ஓ 0.1 சதவீதம். சீரம் கூடவே கூடாது. அதிலுள்ள எஸ்டரேஸ் சாயத்தை வெளியிலேயே வெட்டிவிடும், வெட்டுப்பட்டது செல்லுக்குள் சரியாக நுழையாது. 37 டிகிரியில் இருட்டில் 30 நிமிடம், பிறகு ஃபீனால் ரெட் நிறமி இல்லாத வெதுவெதுப்பான பஃபரில் இருமுறை கழுவல். மைக்ரோஸ்கோப்பில் ஃபோகஸ் தேடிக்கொண்டே விளக்கை எரியவிட்டால், அந்த ஒளியே சாயத்தை ஆக்சிஜனேற்றிவிடும். ஃபோகஸை பிரைட்ஃபீல்டில் பிடியுங்கள்.

பாசிட்டிவ் கண்ட்ரோலுக்கு (ஒளிர்வு கூடியே ஆக வேண்டிய ஒப்பீட்டுக்கு) பெராக்சைடு வைப்பவர்கள் பழைய பாட்டிலின் லேபிளை நம்ப வேண்டாம். நீர்த்து 240 நானோமீட்டரில் அளந்தால், 1 சென்டிமீட்டர் குவெட்டில் 10 மில்லிமோலாருக்கு ஒளி உட்கவர்வு ஏறத்தாழ 0.43 வர வேண்டும். மீடியத்தில் சோடியம் பைருவேட் இருக்கிறதா என்றும் பாருங்கள். இருந்தால் அது பெராக்சைடைத் தின்றுவிடும், கண்ட்ரோல் ஏன் வேலை செய்யவில்லை என்று தலையைப் பிய்த்துக்கொள்வீர்கள்.

மூலிகைச் சாற்றில் சிக்கல் இன்னும் அதிகம். மஞ்சளிலுள்ள குர்குமின் தானே பச்சையாக ஒளிரும். சாயம் இல்லாமல் சாறு மட்டும் போட்ட செல் ஒரு வரிசை இல்லையென்றால் அந்தத் தரவை நான் ஏற்க மாட்டேன். பாலிஃபீனால்கள் பல, செல்லே இல்லாத மீடியத்திலும் ஆக்சிஜனேற்றம் அடைந்து பெராக்சைடை உண்டாக்கும். ஆகவே செல் இல்லாத வெல்களும் வேண்டும். என்ஏசி (என்-அசிட்டைல்சிஸ்டீன்) என்ற ஆக்சிஜனேற்றத் தடுப்பானைப் போட்டதும் ஒளிர்வு குறைந்தது என்பது சான்றாகாது. பெராக்சைடோடு அது வினைபுரிவது மிக மெதுவாகத்தான், செல்லுக்குள் அது செய்கிற மற்ற வேலைகளோ பல. பெராக்சைடைச் சிதைக்கும் நொதியான பெக்-கேட்டலேஸ் போட்டுப் பாருங்கள். அதற்கும் பச்சை குறையவில்லையென்றால் காரணம் வேறு.

சூப்பராக்சைடை அளக்க டைஹைட்ரோஎத்திடியம் என்ற சாயம் போடுகிறவர்களுக்கும் இதே கதிதான். சூப்பராக்சைடு தரும் 2-ஹைட்ராக்ஸிஎத்திடியமும், வேறு ஆக்சிஜனேற்றத்தில் வரும் எத்திடியமும் சிவப்பில் ஒன்றன்மேல் ஒன்று விழும். எச்பிஎல்சி-யில் (திரவ நிறப்பிரிகையில்) பிரித்தால்தான் எது எவ்வளவு என்று சொல்ல முடியும். டாக்ஸோரூபிசின் என்ற புற்றுநோய் மருந்து கொடுத்த செல்லில் அந்த மருந்தின் சிவப்பும் சேர்ந்துகொள்ளும்.

மைக்கேல் மர்ஃபி உள்ளிட்ட பலர் 2022-ல் நேச்சர் மெட்டபாலிசம் இதழில் வெளியிட்ட வழிகாட்டுதல், எந்த மூலக்கூறு என்று பெயரோடு சொல்லுங்கள் என்கிறது. வசதியிருந்தால் ஹைப்பர்7 போன்ற, பெராக்சைடை உணரும் புரத உணரிக்குப் போகலாம். இரு அலைநீள விகிதம் என்பதால் எவ்வளவு உணரி உள்ளே இருக்கிறது என்ற கவலை குறைவு. பழைய ஹைப்பர் வகைகள் பிஎச் மாறினாலே ஆடும், அவற்றுக்கு, பெராக்சைடை உணராமல் பிஎச்-ஐ மட்டும் உணரும் சைப்ஹெர் (SypHer) கண்ட்ரோல் கட்டாயம். வசதியில்லாத இடத்தில் டிசிஎஃப்டிஏ-வே இருக்கட்டும். படத்தின் கீழே மட்டும் "டிசிஎஃப் ஒளிர்வு" என்று எழுதுங்கள்.