பழைய தொடக்கப்பள்ளியைப் புதுப்பிக்கும் வேலை எங்கே தொடங்க வேண்டும்?

பழைய தொடக்கப்பள்ளி ஒன்றைப் புதுப்பிப்பதென்று முடிவானதும், முதலில் பேசப்படுவது பெரும்பாலும் கூரைமேல் வைக்கும் சூரிய மின்தகடுகளைப் பற்றித்தான். படத்தில் நன்றாக விழும் என்பதைத் தவிர, அவற்றை முதலில் வைக்க வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை. சூழலுக்கு இசைவாகக் கட்டுவதும், எல்லாக் குழந்தைகளும் புழங்கும்படி கட்டுவதும் ஒரே வேலை. அது சுவரிலும் சன்னலிலும் வாசற்படியிலும் தொடங்க வேண்டும் என்பதே என் கருத்து.

இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டலாமே என்பவர்கள் உண்டு. செங்கல்லைச் சுட்டபோது வெளியான கரியமில வாயு எப்போதோ காற்றில் கலந்துவிட்டது. இடித்துக் கட்டினால் மறுபடியும் அதே அளவோ, கூடுதலாகவோ வெளியேற்றுவோம். அடித்தளமும் சுவர்களும் உறுதியாக இருப்பதாகப் பொறியாளர் சொன்னபிறகும் இடிப்பதில் நியாயமில்லை.

மின்சாரம் பரவலாவதற்கு முன் கட்டிய பள்ளிகளில் உயர்ந்த கூரையும் எதிரெதிர்ச் சன்னல்களும் இருந்தன. வெளிச்சத்துக்கும் காற்றுக்கும் அன்று வேறு வழியில்லை. பின்னால் வந்தவர்கள் சன்னல்களை அடைத்து, பொய்க்கூரை போட்டு, இருட்டும் புழுக்கமும் சேர்ந்த பிறகு விளக்கையும் ஏசியையும் மாட்டினார்கள். அடைத்தவற்றைத் திறந்தாலே மின்தேவை குறையும். மின்தகடுகள் எத்தனை வேண்டும் என்பதை அதன்பிறகு கணக்கிடலாம். சுண்ணாம்புக் காரைச் சுவரின்மேல் யாரோ பூசிய சிமெண்டையும் தட்டியெடுக்க வேண்டும். சிமெண்ட் அடைத்துக்கொள்வதால், சுவரில் ஏறிய ஈரம் வெளியேற வழியின்றி, பெயிண்ட் உப்பி, விரலால் தொட்டாலே பொலபொலவென்று உதிரும். பழைய பெயிண்டில் ஈயம் இருக்கக்கூடும் என்பதால், அதைப் பரிசோதிக்காமல் உலர்வாகச் சுரண்டுவதும் குழந்தைகள் இருக்கும்போது சுரண்டுவதும் கூடவே கூடாது.

உயர்ந்த கூரையால் ஒரு தொல்லையும் உண்டு: எதிரொலி. வழக்கமான அளவுள்ள வகுப்பறையில் எதிரொலி அடங்கும் நேரம் 0.6 நொடிக்கு மேல் போகக் கூடாது என்கிறது அமெரிக்கத் தரநிலை. வெறும் சுவரும் வழவழப்பான தரையும் உள்ள உயரமான அறையில் அது எளிதில் மீறப்படும். காது மந்தமான குழந்தைக்கு ஆசிரியரின் சொற்கள் ஒன்றோடொன்று குழம்பிவிடும். அதற்காகக் கூரையைத் தாழ்த்த வேண்டாம். சுவரின் மேற்பகுதியில் ஒலியை உறிஞ்சும் பலகைகளைப் பதித்தால் பெரும்பாலும் போதும்.

வாசல்தான் எனக்கு மிக முக்கியம். 60 செ.மீ. உயரத் தளத்துக்கு 1:12 சரிவில், அதாவது 12 செ.மீ. நீளத்துக்கு 1 செ.மீ. உயரும்படி, சாய்தளம் அமைக்க 7.2 மீட்டர் நீளம் வேண்டும். இடமில்லை என்று சொல்லி அதை மூன்று மீட்டரில் முடித்தால், சக்கர நாற்காலியில் வரும் குழந்தையை யாராவது தள்ளித்தான் ஏற்ற வேண்டியிருக்கும். அப்படிப்பட்ட சாய்தளத்தைக் கட்டடத்தின் பின்புறம், குப்பைத்தொட்டிக்குப் பக்கத்தில் வைப்பது அதைவிடக் கேவலம். முன்முற்றத்தின் மண்ணையே 1:20 சரிவில் 12 மீட்டருக்கு மெல்ல உயர்த்திவிட்டால் படியே தேவைப்படாது. எல்லோரும் ஒரே வழியாக உள்ளே போவார்கள்.

கழிப்பறைக் கதவுக்கு 90 செ.மீ. அகலமும், உள்ளே நாற்காலி திரும்ப 150 செ.மீ. விட்டமுள்ள இடமும் வேண்டும். குழாய் பதித்து டைல்ஸ் ஒட்டிய பிறகு இது நினைவுக்கு வந்தால் மறுபடியும் உடைக்கத்தான் வேண்டும். ஆகவே, கழிப்பறையின் வரைபடத்தை முதல் கூட்டத்திலேயே கேட்டு வாங்கிப் பாருங்கள் என்று பெற்றோர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.