மார்கழியில் எனக்குக் கல்யாண ஆர்டர் கிடையாது

மார்கழி பிறந்தால் என் டைரி காலி. முகூர்த்தம் இல்லாத மாதம். தண்டையார்பேட்டையில் 16 வருஷமாகக் கல்யாணம், காதுகுத்து, மஞ்சள் நீராட்டு என்று படம் எடுத்துப் பிழைக்கிறவன் நான். கிறிஸ்துவ வீட்டுக் கல்யாணமோ, நிக்காவோ ஒன்றிரண்டு வரும். மற்றபடி தை பிறக்கும் வரைக்கும் அட்வான்ஸ் கொடுக்க ஆள் வராது. கூடத் தொழில் செய்கிற அண்ணன்மார்கள் இந்த மாதம் முழுக்க லென்ஸைத் துடைத்துக்கொண்டு புலம்புவார்கள். நான் புலம்ப மாட்டேன். வருஷத்தில் ஆசைப்பட்டு நான் கேமராவைத் தூக்குகிற மாதம் இது ஒன்றுதான்.

சென்னையில் ஏதுடா குளிர்காலம் என்று சிரிப்பவர்கள் சிரித்துக்கொள்ளுங்கள். 20 டிகிரிக்கு இறங்கினாலே குரங்குக் குல்லா மாட்டிக்கொண்டு பால் வாங்கப் போகிற ஊர்தான் நம்முடையது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் வெயில் மாறுவது நிஜம். ஏப்ரல் கடைசியிலும் ஆகஸ்ட் நடுவிலும் நண்பகலில் சூரியன் நம் தலைக்கு நேர் உச்சியில் நிற்கும். அப்போது ஒருவரை வெளியே நிறுத்தினால் கண் இரண்டும் குழியாகிவிடும், மூக்கின் நிழல் மீசை மாதிரி உதட்டில் விழும். டிசம்பர் 22 வாக்கில் அதே நண்பகலில் சூரியன் தெற்கே சாய்ந்து 53 டிகிரி உயரத்தில்தான் இருக்கும். காலை எட்டு மணிக்கு இன்னும் தாழ்வு. பக்கவாட்டில் வந்து கன்னத்தில் படுகிற வெளிச்சம். அதோடு வடகிழக்குப் பருவமழை விட்டுவைத்த மேகம் இருந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். வெள்ளை வேட்டியை வானத்தில் விரித்துக் கட்டின மாதிரி இருக்கும். லட்ச ரூபாய்க்கு லைட்டு வாங்கி, அதற்கு முன்னால் துணி கட்டி, மண்டபத்தில் நாங்கள் வரவழைக்கப் பார்ப்பது அந்த வெளிச்சத்தைத்தான்.

வாஸ்து பார்க்கிறவர்கள் தெற்குப் பார்த்த வாசல் என்றால் முகம் சுளிப்பார்கள். வாடகைகூடக் குறைத்துக் கேட்பார்கள். எனக்கு டிசம்பரில் தெற்கு வாசல் வீடு கிடைத்தால் லாட்டரி அடித்த மாதிரி. வாசலுக்கு வெளியே நிறுத்தக் கூடாது. நிலைப்படிக்கு உள்ளே ஒரு அடி தள்ளி உட்கார வைக்க வேண்டும். வெயில் வாசல் சிமெண்டில் விழுந்து, கோலமாவில் பட்டுத் திரும்பி, மேல்நோக்கி முகத்துக்கு ஏறும். கழுத்துக்குக் கீழே இருக்கிற சுருக்கம்கூட மெத்தென்று தெரியும். கூட ஒரு தெர்மகோல் அட்டை போதும். டிவி வாங்கின டப்பாவில் வருகிறதே, அதேதான்.

இதை எல்லாம் ஏன் சொல்கிறேன் என்றால், எங்கள் நைனா படம்.

ஹார்பரில் வேலை பார்த்தவர். நல்ல கறுப்பு. எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு வந்தால் தோள் இரண்டும் பளபளவென்று இருக்கும். 2014இல் போய்விட்டார். அன்றைக்கு விடியற்காலையில் பேனர் அடிக்கப் படம் வேண்டும் என்றார்கள். வீட்டில் ஒரு படம் இல்லை. ஊரார் வீட்டுக் கல்யாணத்தில் எல்லாம் ஆயிரக்கணக்கில் எடுத்துத் தள்ளியவன் வீட்டில், அப்பனைத் தனியாக உட்கார வைத்து எடுத்த படம் ஒன்றுகூட இல்லை. ஆதாரில் இருந்ததைப் பார்த்தால் அவருக்கே அவரைப் பிடிக்காது. கடைசியில் சித்தப்பா மகள் கல்யாணத்தில் குடும்பமாக நின்ற படத்திலிருந்து வெட்டினோம். அதில் அத்தை அவர் தோளில் கை போட்டிருந்தாள். டிசைன் போடுகிற பையன் கையை அழித்தான், தோளில் பாதியும் சேர்ந்து போய்விட்டது. அதோடு விட்டானா? சாவு வீட்டுக்கு நல்லது செய்வதாக நினைத்துக்கொண்டு முகத்தையும் வெள்ளை அடித்துவிட்டான். தெருமுனையில் எட்டடி உயரத்துக்கு ஒரு ரோஸ் நிற மனிதர், ஒரு தோள் சரிந்து, கண்ணீர் அஞ்சலி. அம்மா நிமிர்ந்து பார்த்துவிட்டு, "யாருடா இது?" என்றாள். அழுதுகொண்டிருந்தவள், உண்மையாகவே தெரியாமல்தான் கேட்டாள்.

அந்தப் பையன் மேல் எனக்குக் கோபம் இல்லை. அதே வேலையை நானும்தானே ஆல்பம் ஆல்பமாகச் செய்துகொண்டிருந்தேன்? "கொஞ்சம் பிரைட் பண்ணிடுங்க தம்பி." இந்த ஒரு வாக்கியத்தை எத்தனை மாப்பிள்ளை வீட்டார், எத்தனை பெண் வீட்டார் என்னிடம் சொல்லியிருப்பார்கள்! பிரைட் என்றால் வெளிச்சம் இல்லை. நிறம். அதை வாய்விட்டுச் சொல்லக் கூச்சம், அவ்வளவுதான்.

தொழில் தெரியாதவர்களுக்காக ஒரு விஷயம். கேமராவுக்குள் வெளிச்சத்தை அளக்கிற மீட்டருக்கு ஆள் தெரியாது. எதைக் காட்டினாலும் நடுத்தரச் சாம்பல் நிறம் என்றே நினைத்துக்கொள்ளும். ஒரு கறுப்பு முகத்தை நெருக்கமாக வைத்து எடுத்தால், ஐயோ இருட்டாக இருக்கிறதே என்று அதுவாகவே வெளிச்சத்தைக் கூட்டும். முகம் சாம்பல் பூசினது மாதிரி ஆகிவிடும். அதே முகம் வானத்துக்கு முன்னால் நின்றால், வானத்தைப் பார்த்து மிரண்டு வெளிச்சத்தைக் குறைக்கும். முகம் கரிக்கட்டை. இரண்டுமே அந்த ஆள் இல்லை. ஃபிலிம் காலத்தில் லேப்களில் நிறம் சரிபார்க்க கோடாக் அனுப்பிய மாதிரிப் படத்தில் இருந்தது ஒரு வெள்ளைக்காரப் பெண். ஷெர்லி கார்டு என்று பெயர். அவள் முகம் சரியாக வந்தால் பிரிண்ட் சரி. நம் தாத்தா பாட்டிகள் அந்தக் கணக்கில்தான் பிரிண்ட் ஆனார்கள். இப்போது பல போன்களில் கேட்காமலே முகத்தைத் தேய்த்து, வெளுத்துக் கொடுக்கிறார்கள்.

கறுப்புத் தோலுக்கு எதிரே அடிக்கிற ஃப்ளாஷ் ஆகாது. நெற்றியில் ஒரு வெள்ளைத் திட்டு விழும், மீதி இடம் தட்டையாகிவிடும். பக்கத்திலிருந்து சாய்ந்து வருகிற வெளிச்சம் வேண்டும். அப்போதுதான் அந்தத் தோலுக்குள் இருக்கிற சிவப்பு, தாமிரம், மூக்கோரத்து லேசான நீலம் எல்லாம் வெளியே வரும். மீட்டர் சொல்வதிலிருந்து கொஞ்சம் குறைத்து வைத்து, மார்கழிக் காலையில், தெற்கு வாசலில் எடுத்துப் பாருங்கள். டச்சிங் வேலையே கிடையாது.

போன வருஷம் காலடிப்பேட்டையில் ஒரு வீடு. நாலு தலைமுறை. ஆயாவுக்கு எண்பதுக்கு மேல் இருக்கும். இரண்டு பக்கமும் மூக்குத்தி, காது தொங்கத் தொங்கத் துவாரம். நான் போய்ச் சேர்வதற்குள் டப்பாவில் பாதியைக் கொட்டி முகம் முழுக்கப் பவுடர். பவுடர் நேரில் பார்க்க அழகுதான். படத்தில் திருநீறு பூசின மாதிரி வெளிறிவிடும். "ஆயா, கொஞ்சம் துடைச்சிக்கினு வாயேன்" என்றேன். "ஏன், உன் கல்யாணத்துக்கு நீ பவுடர் போடாமயா நின்ன?" என்றது. பதில் இல்லை. போட்டிருந்தேன். கடைசியில் பேத்தி ஈரத்துண்டால் ஒத்தியெடுத்தாள். ஆயா முறைத்துக்கொண்டே நிலைப்படிக்குள் உட்கார்ந்தது. கொள்ளுப்பேரன் மூக்குத்தியைப் பிடித்து இழுக்க, "டேய்" என்று திரும்பியது. வெயில் அந்தக் கன்னத்தில். அந்த ஒரு படம் போதும். அன்றைக்கு எடுத்த மீதி 40 படமும் சும்மா.

இன்னொரு கூட்டத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், கோபப்படுபவர்கள் படட்டும். குளிர்காலம் வந்தால் ஞாயிற்றுக்கிழமை விடியலில் காசிமேட்டுக்குக் கேமராக்கள் கூட்டம் கூட்டமாக வரும். கடலுக்கு மேலே சூரியன் எழும்போது படகுகளுக்கு நடுவே அந்தப் புகைமூட்டமான பொன் வெளிச்சத்தை யார்தான் வேண்டாம் என்பார்கள்? வாருங்கள், எடுங்கள். ஆனால் ஏலம் போட்டுக்கொண்டிருக்கிற அக்காவின் முகத்துக்கு முன்னால் ஒரு சொல் கேட்காமல் லென்ஸை நீட்டுவது என்ன பழக்கம்? அப்புறம் அதே படத்தை வீட்டுக்குக் கொண்டுபோய்க் கறுப்பு வெள்ளையாக்கி, கான்ட்ராஸ்டை ஏற்றி, சுருக்கம் ஒவ்வொன்றையும் கத்தியால் கீறின மாதிரி செய்து, கீழே "வாழ்க்கைப் போராட்டம்" என்று எழுதுவார்கள். அந்த அக்கா அன்றைக்கு மாம்பழ நிறப் புடவையும், தலை நிறையக் கனகாம்பரமும் வைத்துக்கொண்டு, வஞ்சிரம் நல்ல விலைக்குப் போன சந்தோஷத்தில் நின்றிருப்பாள். கனகாம்பரத்தைக் கறுப்பாக்க எப்படி மனசு வருகிறது?

மண்டபத்தில் எங்களை வெளுக்கிறார்கள், கண்காட்சியில் கறுக்க வைக்கிறார்கள். இரண்டும் ஒரே பொய்தான் என்பது என் கட்சி.

சரி, வெளியே போகிற கதைக்கு வருகிறேன். மார்கழியில் ஞாயிற்றுக்கிழமை வீட்டோடு கிளம்பிவிடுவேன். பக்கத்தில் என்றால் ராயபுரம் ரயில் நிலையம். 1856 ஜூலை 1 அன்று தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் வாலாஜா ரோட்டுக்குப் புறப்பட்ட கட்டடம். தூண்களைப் பார்த்து மகள் "இது அரண்மனையா?" என்று கேட்டாள். கொஞ்சம் தூரம் என்றால் பழவேற்காடு. கும்மிடிப்பூண்டி லோக்கல் பிடித்துப் பொன்னேரியில் இறங்கி பஸ். ஒடிசாவின் சிலிகா ஏரிக்கு அடுத்து நாட்டில் பெரிய உப்பங்கழி அதுதான். குளிர்காலத்தில் பூநாரை வரும். படத்தில் பார்க்கிற மாதிரி பக்கத்தில் வந்து போஸ் கொடுக்கும் என்று போகாதீர்கள். தூரத்தில் தண்ணீர் ஓரம் ஒரு ரோஸ் கோடு தெரியும், அதுதான் பூநாரை. படகில் ஏறிக் கிட்டே போகலாம் என்று யாராவது கூப்பிட்டாலும் நான் ஏறுவதில்லை. 2011 கிறிஸ்துமஸ் அன்று குடும்பத்தோடு உல்லாசமாகப் போன படகு கவிழ்ந்து 22 பேர் செத்த இடம் அது. கரையில் உட்கார்ந்து புளிசாதம் சாப்பிட்டாலும் காற்று அதே காற்றுதான்.

போகி அன்று மட்டும் வெளியே போவதில்லை. அன்றைக்குப் புகையில் சூரியன் தக்காளி மாதிரி எழும்பும். படம் எடுக்கிறவன் கண்ணுக்கு அது அழகுதான், மறைக்கவில்லை. டயர் எரித்து வருகிற அழகு. மணலியும் எண்ணூரும் வருஷம் முழுக்கக் கொடுக்கிற புகை நமக்குப் போதாதா?

இந்த வருஷம் மார்கழி முதல் ஞாயிறு முதல் ஆளாக அம்மாவைத்தான் உட்கார வைத்தேன். எங்கள் வீடு கிழக்குப் பார்த்தது, அதனால் எதிர்வீட்டு வாசலை ஒரு மணி நேரத்துக்குக் கடன் வாங்கினேன். அம்மா தெர்மகோலைப் பார்த்து, "இது எதுக்கு, மீன் பொட்டி மூடியா?" என்றாள். சுங்குடிப் புடவை. பவுடர் இல்லை. ஏழு ஐம்பதுக்கு வெயில் சிமெண்டில் ஏறியது. மொத்தம் ஆறு படம்தான் எடுத்தேன்.

பிரிண்ட் போட்டுக் கொண்டுவந்து கையில் கொடுத்தேன். ரொம்ப நேரம் பார்த்தாள். "நல்லாருக்கு. பேனருக்கு இதையே போட்டுடு. எவன் கையிலயும் குடுத்துத் தேய்க்க வுடாத" என்றாள்.

வாயைக் கழுவு என்று கத்தினேன். அவள் காதில் வாங்கவில்லை. கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டு, படத்தை ஜன்னல் பக்கம் சாய்த்து, மூக்குத்திக் கல் தெரிகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.