உங்கள் பிள்ளை ஜம்மென்று இருப்பதில் எங்கள் பிள்ளைகளுக்கும் பங்கு இருக்கிறது

ஒரு பெண் தன் குழந்தைக்குத் தடுப்பூசி போட்ட படத்தைப் போட்டார், அதற்குக் கீழே ஒருத்தர் கமெண்ட் போட்டார். எந்தப் பதிவு, யாருடைய கமெண்ட் என்று சொல்லப் போவதில்லை. இரண்டு நாளாக எல்லார் டைம்லைனிலும் அதுதான் ஓடுகிறது. ஸ்கிரீன்ஷாட் போட்டு அந்தக் கமெண்ட்காரருக்கு இன்னும் நாலு ஃபாலோயர் சேர்த்துக் கொடுக்க எனக்கு மனசில்லை. "எங்க வீட்டுல ரெண்டு பசங்க, ஒரு ஊசிகூடப் போடல, ஜம்முனு இருக்காங்க. பச்சப்புள்ள உடம்புல விஷத்த ஏத்திட்டு போட்டோ வேற!" இவ்வளவுதான் மேட்டர். அதற்கு விழுந்த ஹார்ட்டுகளை எண்ணினால் எனக்குத்தான் நெஞ்சுவலி வரும். அந்தப் பெண் பாவம், படத்தையே தூக்கிவிட்டார்.

சரி, ஜம்மென்று இருக்கிறார்கள். சந்தோஷம். எதனால் என்று யோசித்தீர்களா சார்? உங்கள் பையன் உட்காரும் பெஞ்சில் பக்கத்துப் பையன் ஊசி போட்டவன். முன்பெஞ்சு, பின்பெஞ்சு எல்லாம் போட்டவர்கள். உங்கள் வீட்டுக்குத் தட்டம்மையைக் கொண்டுவர ஆள் இல்லை, அதனால் வரவில்லை. இதில் உங்கள் சாமர்த்தியம் எங்கே இருக்கிறது?

தட்டம்மை சாதாரண ஆள் இல்லை. எதிர்ப்புசக்தியே இல்லாத கூட்டத்தில் ஒருத்தருக்கு வந்தால் 12 முதல் 18 பேருக்குப் பரப்பும். நோயாளி அறையை விட்டுப் போன பிறகும் இரண்டு மணி நேரம் வரை அதே காற்றில் இருக்கும். அதனால்தான் நூற்றுக்கு 95 பேருக்காவது இரண்டு டோஸும் போட்டிருக்க வேண்டும் என்கிறார்கள். மீதி ஐந்து பேர்? அது போட முடியாதவர்களுக்கான இடம். ஊசி போடும் வயசு வராத குழந்தைகள், புற்றுநோய்க்குச் சிகிச்சை எடுக்கிற குழந்தைகள். பஸ்ஸில் முடியாதவர்களுக்கு என்று எழுதி வைத்திருக்கும் சீட்டில் திடகாத்திரமாகப் போய் உட்கார்ந்துகொண்டு, "பாத்தீங்களா, நிக்காமலே ஊர் போய்ச் சேரலாம்" என்று நிற்பவர்களுக்குப் பாடம் எடுக்கிறீர்கள்.

இது எனக்குப் புத்தகத்தில் படித்த விஷயம் இல்லை. என் அக்கா மகளுக்கு ரத்தப் புற்றுநோய். கடுமையான கட்டம் முடிந்து, வீட்டிலேயே மாத்திரையாகக் கீமோ எடுத்துக்கொண்டு, தொப்பி போட்டுக்கொண்டு மறுபடி பள்ளிக்கூடம் போக ஆரம்பித்திருந்த நேரம். அந்தச் சமயத்தில் உயிருள்ள கிருமியைப் பலவீனப்படுத்திச் செய்கிற தட்டம்மை ஊசி மாதிரியானவை போடக் கூடாது. முன்னாடி போட்டதன் பலனும் கீமோவுக்குப் பிறகு எவ்வளவு மிச்சம் இருக்கும் என்று நம்ப முடியாது என்றார் டாக்டர். ஒருநாள் சாயங்காலம் வகுப்பு வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு மெசேஜ். வகுப்பில் ஒரு பையனுக்குத் தட்டம்மை. ஊசி போடாத பையன்.

அக்கா அந்த மெசேஜை எனக்கு ஃபார்வர்டு பண்ணவில்லை. போன் பண்ணி வரி வரியாக வாசித்தாள். தானே நம்பாதது மாதிரி ஒரு குரல். கிருமி பட்ட ஆறு நாளுக்குள் இம்யூனோகுளோபுலின், அதாவது நோயை எதிர்க்கும் பொருளையே நேரடியாகத் தருகிற மருந்து, ஏற்ற வேண்டும். ஓடினோம். நரம்பு கிடைக்காமல் கையை மாற்றி மாற்றிக் குத்தினார்கள். ஏற்றியபிறகும் வராது என்று யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. காலண்டரில் கட்டம் கட்டமாக அடித்துக்கொண்டு, தினமும் காலையில் டார்ச் அடித்துக் காதுக்குப் பின்னால் தடிப்பு தெரிகிறதா என்று அவள் பார்த்ததை நான் பார்த்தேன். வரவில்லை. தப்பித்தோம்.

அதே குரூப்பில் அந்தப் பையனின் அம்மா என்ன எழுதினார் தெரியுமா? "சின்ன வயசுல வந்துட்டுப் போறது நல்லதுதான், எதிர்ப்புசக்தி வளரும்." பக்கத்தில் ஒரு சிரிக்கும் பொம்மை. கமெண்டைக்கூட மன்னிக்கலாம், அந்தப் பொம்மையை என்னால் இன்றுவரை முடியவில்லை.

எதிர்ப்புசக்தி வளருமாம். தட்டம்மை வந்து போனால் மற்ற நோய்களுக்கு எதிராக உடம்பு அதுவரை சேர்த்து வைத்திருந்த நினைவில் ஒரு பகுதியையும் அழித்துவிட்டுப் போகும். 2019இல் குழந்தைகளின் ரத்தத்தை நோய்க்கு முன்னும் பின்னும் ஒப்பிட்டே காட்டிவிட்டார்கள். அபூர்வமாகச் சில குழந்தைகளுக்கு வைரஸ் மூளையில் ஒளிந்திருந்து, பல வருஷம் கழித்துத் தலைகாட்டும். எஸ்.எஸ்.பி.ஈ. என்று பெயர். அதற்குப் பிறகு பிழைப்பது அரிதிலும் அரிது. வளர்க்கிறீர்களா, வளருங்கள்.

இப்போது வருவார்கள். "நீ என்ன டாக்டரா?" இல்லை. நீங்களும் இல்லை. ஆனால் உங்களுக்கு மட்டும் ரீல்ஸ் போட உரிமை இருக்கிறது.

"ஆட்டிசம் வருமாமே?" இதற்கு எத்தனை வருஷம்தான் பதில் சொல்வது! எம்.எம்.ஆர். (தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, ரூபெல்லா மூன்றுக்கும் சேர்த்துப் போடுகிற ஊசி) மேல் இந்தப் பழியைக் கிளப்பியது வேக்ஃபீல்டு என்கிற பிரிட்டிஷ் டாக்டர். 1998இல் அவர் எழுதிய கட்டுரையில் இருந்தது 12 குழந்தைகள். அதை வெளியிட்ட லான்செட் மருத்துவ இதழே 2010இல் திரும்பப் பெற்றுவிட்டது. அவர் டாக்டர் பதிவும் அதே வருஷம் போனது. டென்மார்க்கில் ஆறரை லட்சம் குழந்தைகளைப் பல வருஷம் தொடர்ந்து பார்த்து, எம்.எம்.ஆர். ஊசிக்கும் ஆட்டிசத்துக்கும் தொடர்பு இல்லை என்று 2019இல் வெளியிட்டார்கள். பன்னிரண்டு பெரிசா ஆறரை லட்சம் பெரிசா என்று உங்கள் பையனிடமே கேளுங்கள்.

"மருந்துக் கம்பெனி லாபம்." ஆமாம், லாபம்தான். நீங்கள் விற்கிற 'இம்யூனிட்டி பூஸ்டர்' தர்மத்துக்கா வருகிறது?

பக்கவிளைவைப் பற்றிப் பயப்படுகிறவர்களை மட்டும் நான் நக்கல் செய்ய மாட்டேன். ஊசி போட்ட ராத்திரி தொடை வீங்கி, உடம்பு கொதித்து, குழந்தை ஒரு தினுசாக வீறிடும்போது எவ்வளவு படித்தவனுக்கும் வயிற்றைப் பிசையும். என் மகளுக்கும் அப்படித்தான். தவறுகள் நடந்ததே இல்லை என்றும் நான் சொல்லவில்லை. 1999இல், குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கைக் கொண்டுவரும் ரோட்டா வைரஸுக்கான ஒரு தடுப்பு மருந்தால் சில குழந்தைகளுக்குக் குடல் செருகிக்கொள்கிறது என்று தெரிந்ததும் சந்தையிலிருந்தே எடுத்துவிட்டார்கள். கண்டுபிடித்தது யார்? வீடியோ போடுகிறவர்கள் இல்லை. தடுப்பூசியைக் கண்காணிப்பதையே வேலையாக வைத்திருப்பவர்கள்.

பசிபிக் கடலில் இருக்கிற சமோவா தீவு நாட்டின் கதை தெரியுமா? 2018இல் அங்கே இரண்டு குழந்தைகள் எம்.எம்.ஆர். போட்ட கையோடு இறந்தன. தண்ணீர் சேர்த்துக் கலக்க வேண்டிய மருந்துப் பொடியில், காலாவதியான தசைத் தளர்வு மருந்தை நர்ஸ்கள் கலந்துவிட்டார்கள். கொடுமையான தவறு, ஊசியின் தவறு இல்லை. ஆனால் போடுவது மாதக்கணக்கில் நின்றது, பயம் பரவியது, அதை ஊதிவிட ஆட்களும் இருந்தார்கள். 2019இல் தட்டம்மை உள்ளே வந்தது. சுமார் இரண்டு லட்சம் பேர் இருக்கிற தேசத்தில் 83 பேர் செத்தார்கள், பெரும்பாலும் ஐந்து வயசுக்குள் இருந்த குழந்தைகள். கடைசியில் ஊசி போடாதவர்கள் இருக்கிற வீட்டு வாசலில் சிவப்புத் துணி கட்டச் சொல்லி, வீடு வீடாகப் போய்ப் போட்டார்கள். ஜம்மென்று இருந்த வீடுகள்தான் அவையும்.

(ரணஜன்னிக்கு, அதாவது டெட்டனஸுக்கு, இந்தப் பக்கத்து பெஞ்சுக் கணக்கெல்லாம் கிடையாது. அந்தக் கிருமி மண்ணில் இருக்கிறது. ஊரே ஊசி போட்டிருந்தாலும் உங்கள் பையன் துருப்பிடித்த ஆணியை மிதித்தால் அவன் தனிதான். அதையாவது போட்டுவிடுங்கள். கோபத்திலும் சொல்கிறேன்.)

கடைசியாக ஒரு புத்திசாலிக் கேள்வி எப்போதும் வரும். "ஊசி போட்டவங்களுக்கு எங்களப் பாத்து ஏன் பயம்?" இரண்டு டோஸ் போட்டாலும் நூற்றில் மூன்று பேருக்குப் பலன் பிடிக்காமல் போகலாம், அது ஒன்று. என் மகளுக்கு இன்னும் ஒன்பது மாதம் ஆகவில்லை, அது இன்னொன்று. நாட்டைப் பொறுத்து 9 அல்லது 12 மாதத்தில்தான் தட்டம்மைக்கு முதல் ஊசி. அதற்கு முன்னால் போட்டால், அம்மாவிடமிருந்து வந்த எதிர்ப்பொருள்களே ஊசி மருந்தை அடக்கிவிடலாம். அவையும் மாதம் ஆக ஆகக் குறைந்துகொண்டே போகும். அதுவரைக்கும் அவள் உங்கள் பிள்ளைகளை நம்பித்தான் இருக்கிறாள்.

என் மகளுக்கு வயசாகவில்லை, அக்கா மகளுக்குப் போட முடியாது. இவர்கள் இரண்டு பேரையும் நான் எங்கே கொண்டுபோய் ஒளித்து வைக்கட்டும்? இதற்குப் பதில் இருக்கிறவர்கள் கமெண்டில் பேசலாம். லிங்க் மட்டும் ஒட்டிவிட்டுப் போகிறவர்களை பிளாக் பண்ணுவேன். ஏன் பண்ணினாய் என்று பொதுவான நண்பர்களைத் தூது அனுப்ப வேண்டாம்.