ஜேம்ஸ் வைட் 'எம்.வி.பி.' விருது வாங்கினாரா? இல்லை

அமெரிக்கக் கால்பந்து அணியான நியூ இங்கிலாந்து பேட்ரியாட்ஸின் வரலாற்றில் சிறந்த மாற்று ரன்னிங் பேக் (பந்தைச் சுமந்து ஓடும் முதன்மை வீரருக்கு மாற்றாக இறங்குபவர்) யார் என்ற விவாதத்தில் ஒரு படம் சுற்றுகிறது: "ஜேம்ஸ் வைட்தான். 51ஆவது சூப்பர் பவுலின் எம்.வி.பி. அவரே!"

சூப்பர் பவுல் என்பது அமெரிக்கக் கால்பந்து லீக்கான என்.எஃப்.எல்.லின் இறுதி ஆட்டம்; எம்.வி.பி. அந்த ஆட்டத்தின் சிறந்த வீரருக்கான விருது. படத்தின் இரண்டாவது வரி தவறு. 2017 பிப்ரவரி 5 அன்று ஹூஸ்டனில் அந்த விருதைப் பெற்றவர் அதே அணியின் குவார்ட்டர்பேக் (பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துபவர்) டாம் பிராடி. என்.எஃப்.எல். இணையதளத்தில் ஆண்டுவாரியாக உள்ள விருதுப் பட்டியலில் யாரும் பார்க்கலாம்.

குழப்பம் வந்ததில் வியப்பில்லை. அந்தப் பருவத்தில் பந்தைச் சுமந்து ஓடும் முதன்மை வேலை லெகாரெட் பிளவுன்ட்டுடையது. ஆனால் இறுதி ஆட்டத்தில் 14 பந்துகளைப் பிடித்து 110 யார்டு, மூன்று டச் டவுன் (எதிரணியின் எல்லைப் பகுதிக்குள் பந்தைக் கொண்டு சேர்ப்பது; ஆறு புள்ளி), ஓர் இரண்டு புள்ளி முயற்சி (டச் டவுனுக்குப் பின் கிடைக்கும் கூடுதல் வாய்ப்பு) என 20 புள்ளிகள் எடுத்தவர் வைட். 3–28 என்று பின்தங்கிய அணி 34–28 என அட்லாண்டாவை வென்றது. கூடுதல் நேரத்தில் கடைசி டச் டவுனும் அவருடையதே. விருது வைட்டுக்கே போயிருக்க வேண்டும் என்று பிராடியே சொன்னார். அந்தப் பேச்சுதான் கைமாறிக் கைமாறி 'வாங்கினார்' ஆகியிருக்கும் என்பது என் ஊகம்.

அந்த இரண்டு புள்ளிகள், பந்து வழக்கம்போல் குவார்ட்டர்பேக்கிடம் போகாமல் நேரே வைட்டின் கைக்கு வந்த ஆட்டமுறையில் கிடைத்தவை. 2004இல் அதே மைதானத்தில் பேட்ரியாட்ஸின் இன்னொரு ரன்னிங் பேக்கான கெவின் ஃபாக் அதையே செய்திருந்தார். 13 பருவங்கள் ஆடிய அவரை மறந்துவிட்டு இந்த விவாதத்தை முடிப்பது எனக்கு ஒப்பவில்லை.

வைட்டுக்காக வாதாடுங்கள், தாராளமாக. அந்தப் படத்தை மட்டும் இனி அனுப்ப வேண்டாம்.