பிள்ளை அம்மா பக்கத்திலேயே இருக்கட்டும்

பிறந்த குழந்தையைத் தாயிடமிருந்து பிரித்துத் தனி அறையில் வைக்கக் கூடாது என்ற ஒரு கட்டுரையைப் படித்ததும் எழுதத் தோன்றியது. நான் பென்னாகரம் பக்கம். மூத்தவள் பிறந்தது தர்மபுரியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில், சிசேரியன். குழந்தைக்கு ஒரு குறையும் இல்லை. ஆனாலும் "நீங்க ரெஸ்ட் எடுங்கம்மா" என்று தூக்கிக்கொண்டு போனவர்கள் மறுநாள் மதியம்தான் கையில் கொடுத்தார்கள். அதற்குள் பவுடர் பால் பழகிவிட்டது. மார்பில் வாய் வைத்தாலே அழுவாள். சீம்பாலும் போச்சு. எனக்குப் பால் கட்டிக் காய்ச்சல் வேறு.

இரண்டாவது பையனை அரசு மருத்துவமனையில் துடைத்த கையோடு என் நெஞ்சில் போட்டார்கள். என் பக்கத்திலேயே இருந்ததால் அவன் வாயைச் சப்பும்போதே பசி என்று தெரிந்துவிடும், அழுமுன் கொடுத்துவிடுவேன். அடிக்கடி சப்பச் சப்பத்தானே பால் சுரக்கும்!

24 மணி நேரமும் தாயும் சேயும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் 1991-இல் தொடங்கிய திட்டத்திலேயே இருக்கிறது. எடை குறைந்த குழந்தைகளையும் பிறந்த உடனே தாயின் நெஞ்சோடு அணைத்து வைத்தால் இறப்பு குறைகிறது என்று இந்தியா உட்பட ஐந்து நாடுகளில் நடந்த ஆய்வு 2021-இல் வெளியானது.

அஞ்செட்டி, சித்தேரி போன்ற தொலைவான மலைப் பகுதிகளிலிருந்து வருகிறவர்களை நினைத்துப் பாருங்கள். குழந்தை தீவிர சிகிச்சையில் இருந்தால் அந்தத் தாய் எங்கே தங்குவாள்? அவளுக்கும் அங்கேயே ஒரு கட்டில் போட்டுக் கொடுங்கள்.