ஹீரோ அழ வேண்டுமென்றால் வீட்டில் ஒரு பிணம் விழ வேண்டுமா?

இன்னொரு வீடியோ கேம், ஹீரோவுக்கு இன்னொரு செத்துப்போன மனைவி. பற்றிக்கொண்டு வருகிறது.

2001-இல் மேக்ஸ் பெய்ன். வீட்டுக்கு வருகிறான், மனைவியும் கைக்குழந்தையும் கொலை. 2005-இல் காட் ஆஃப் வார். போர்க் கடவுள் ஏரீஸின் சூழ்ச்சியில் ஹீரோ கிராட்டோஸ் தன் கையாலேயே மனைவியையும் மகளையும் கொன்றுவிடுகிறான். 2013-இல் தி லாஸ்ட் ஆஃப் அஸ் இன்னும் மோசம். ஹீரோ ஜோயலின் மகள் சாராவாக முதலில் நம்மையே ஆட வைத்து, அவள் மேல் பாசம் வரவைத்து, தொடக்கப் பகுதி முடிவதற்குள் அப்பாவின் மடியிலேயே அவளைச் சாகடிக்கிறார்கள். எல்லாம் நான் விடிய விடிய ஆடிய கேம்கள்தான். அதனால்தான் இவ்வளவு கோபம்.

ஓர் ஆண் மனம் உடைந்து நிற்க ஒரு பெண்ணோ குழந்தையோ சாக வேண்டுமா? சும்மா ஒருநாள் அவனுக்குப் பயம் வராதா? தோற்றுப்போய் அழ மாட்டானா? நண்பனைத் தேடி ஏங்க மாட்டானா?

சரி, செத்தாச்சு. அப்புறமாவது அழ விடுகிறார்களா? கிராட்டோஸை எடுத்துக்கொள்ளுங்கள். கன்ட்ரோலரில் இருக்கும் இரண்டு ஸ்டிக்கையும் சேர்த்து அமுக்கினால் வெறி பிடித்து எல்லோரையும் பிய்த்துப் போடுவான். 2005 கேமிலும் அப்படித்தான், 2018-இல் வந்த காட் ஆஃப் வாரிலும் அப்படித்தான். கோபத்துக்கு பட்டன் இருக்கிறது. துக்கம் மட்டும் கட்சீனில், அதாவது நடுவில் சினிமா மாதிரி ஓடும் காட்சியில், கொஞ்ச நேரம் வந்து போகும், நாம் கையைக் கட்டிக்கொண்டு பார்க்க வேண்டும்.

2018-இல் அவன் மாறிவிட்டான் என்பார்கள். மாறினான்தான். மான் வேட்டைக்குப் பிறகு மகன் அட்ரியஸின் தோளில் கை வைக்கப் போய், வைக்காமலே இழுத்துக்கொள்வானே, அந்த ஒரு நொடிக்காக அந்த கேமை எத்தனை முறை வேண்டுமானாலும் ஆடுவேன். ஆனால் அந்தக் கதையும் எங்கே ஆரம்பிக்கிறது? இரண்டாம் மனைவி ஃபேயின் சிதைக்கு மரம் வெட்டுவதில்!

ஆடுகிறவர்களுக்கும் இதில் பங்கு உண்டு. 2001-இல் மெட்டல் கியர் சாலிட் 2 வந்தது. பழைய ஹீரோ ஸ்னேக்குக்குப் பதிலாக ரெய்டன் என்ற புது ஹீரோ, மென்மையான முகம், தடுமாறுகிற மனசு. எத்தனை பேர் அவனைத் திட்டித் தீர்த்தார்கள்! 2008-இல் நான்காம் பாகத்தில் அதே ரெய்டன் உடம்பு முழுக்க இயந்திரமாகி, இரண்டு கையும் போன பிறகும் வாயில் வாளைக் கவ்விக்கொண்டு சண்டை போட்டான். அப்போதுதான் கைதட்டினார்கள். மனுஷ உடம்பே மிச்சமில்லாமல் போன பிறகுதான் அவனை ஆம்பளை என்று ஒத்துக்கொள்ள மனசு வந்திருக்கிறது இவர்களுக்கு.