ஏ.இ.டி. கருவியை இயக்க ஈ.சி.ஜி. படிக்கத் தெரிய வேண்டுமா?

ஏ.இ.டி. என்பது தாறுமாறாகத் துடிக்கும் இதயத்துக்கு ஷாக் (மின் அதிர்ச்சி) தந்து சீராக்கும் கருவி. ஈ.சி.ஜி. என்பது இதயத்தின் மின் பதிவு. "ஈ.சி.ஜி. படிக்கத் தெரியாதவர் ஏ.இ.டி.யைத் தொட்டால் தப்பான ஷாக் கொடுத்து ஆளைக் கொன்றுவிடுவார்" என்ற பேச்சு தவறு. இதயத்தின் மின்னோட்டத்தைப் படிப்பது கருவியே. கீழறை நடுக்கம், கீழறை அதிவேகத் துடிப்பு ஆகியவற்றுக்கே அது ஷாக் தரும். சினிமாவில் காட்டுவதுபோல், துடிப்பே இல்லாமல் ஓடும் நேர்கோட்டுக்குத் தராது.

நாம் கவனிக்க வேண்டியது வேறு. தட்டிக் கூப்பிட்டும் அசைவில்லை, மூச்சில்லை அல்லது விட்டுவிட்டுத் திணறுகிறது என்றால், இதயம் இரத்தத்தை ஓட்டவில்லை என்று கொள்ள வேண்டும். அந்தத் திணறலை மூச்சென்று நம்பித்தான் பலர் பொன்னான நிமிடங்களை இழக்கிறார்கள்.

108-ஐ அழைத்து, நெஞ்சை 5–6 செ.மீ. ஆழத்துக்கு, நிமிடத்துக்கு 100–120 முறை அழுத்துங்கள். ஏ.இ.டி. வந்ததும் நெஞ்சின் ஈரத்தைத் துடைத்து, அதன் இரு ஒட்டும் பட்டைகளில் (pads) ஒன்றை வலது காறையெலும்புக்குக் கீழும் மற்றதை இடது அக்குளுக்குக் கீழும் ஒட்டுங்கள். கருவி இதயத் துடிப்பை ஆராயும்போது யாரும் அவரைத் தொடக்கூடாது. உடல் அசைந்தால் பதிவு குழம்பும். ஷாக் முடிந்ததும் நாடி தேடாமல் உடனே நெஞ்சை அழுத்துங்கள். 2 நிமிடத்தில் கருவி மறுபடி ஆராயும்.